அடல்டரேட்: கலக்கிறது வேற, கலப்படம் பண்றது வேற (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஃபாரம் ஃபோர், ஃபாரம் ஃபைவ் (பதினாறு, பதினேழு வயசு) புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறேன். பாடத்துலயோ நியூஸ்லயோ 'அடல்டரேட்'ங்கிற வார்த்தை வந்துட்டா போதும், அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, புள்ளைங்க மட்டும் இல்ல, கூட்டிட்டுப் போக வர்ற அப்பா அம்மாங்களும் கேக்குறாங்க, அதுலயும் ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவங்கதான் ரொம்ப ஆர்வமா கேப்பாங்க, ஏன்னா விஷயம் என்னான்னு அவங்களுக்கு நம்மளவிட நல்லாவே தெரியும், அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னுதான் தெரியாது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடுறேன்.

அடல்டரேட்னா என்ன அர்த்தம்?

நல்ல பொருள்ல மட்டமானதையோ, மலிவானதையோ, சேரக்கூடாததையோ கலந்து அதோட தரத்தக் கெடுக்குறது. நாம கலப்படம் பண்றதுன்னு சொல்றோமே, அதுதான். பால்ல தண்ணி, மொளகாத் தூள்ல சாயம், தேன்ல சீனிப்பாகு, கூலா மெலாக்கா, அதான் தென்னை வெல்லம்னு சொல்லிட்டு பாதிக்கு மேல சாதாரண சீனி. இதெல்லாம் அடல்டரேட்.

ஆனா இதோட நிறுத்திட்டா அர்த்தம் பாதிதான். கலந்தது வாங்குறவங்களுக்குத் தெரியக்கூடாது, சுத்தமான பொருளோட வெலையையே வாங்கிக்கணும், அப்பதான் இந்த வார்த்தை முழுசாப் பொருந்தும். கீழ நான் சொல்லப்போற எல்லா கேள்விக்கும் இதுதான் சாவி, அதனால மனசுல வெச்சுக்குங்க.

எப்படி உச்சரிக்கணும், வாக்கியத்துல எப்படி போடணும்?

ரெண்டாவது அசையில அழுத்தம்: அ-டல்-ட-ரேட். எதைக் கலந்தாங்கன்னு சொல்றதுக்கு 'வித்' போடணும். 'தி மில்க் வாஸ் அடல்டரேட்டட் வித் வாட்டர்.' 'பை வாட்டர்'னு எழுதாதீங்க, தண்ணி தானா வந்து கலப்படம் பண்ணல. கலக்குற பொருளுக்கு அடல்டரன்ட்னு பேரு, கலக்குற வேலைக்கு அடல்டரேஷன். கலப்படமே இல்லாததுக்கு அன்அடல்டரேட்டட், இத சந்தோஷத்துக்குக் கூட சொல்லுவாங்க, 'அன்அடல்டரேட்டட் ஜாய்'னா வேற எந்த உணர்ச்சியும் கலக்காத சந்தோஷம்.

அடல்ட்னா பெரியவங்க. அப்ப அடல்டரேட்னா பெரியவனாக்குறதா?

இல்ல. பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரத்த சம்பந்தமே கிடையாது. அடல்ட்ங்கிறது லத்தீன்ல 'வளர்றது'ங்கிற அர்த்தம் உள்ள 'அடோலெஸ்கெரே'ல இருந்து வந்தது, அடோலசென்ட்டும் அதே வீட்டுப் புள்ளதான், ஒன்னு வளர்ந்து முடிஞ்ச ஆளு, இன்னொன்னு வளர்ந்துக்கிட்டு இருக்குற ஆளு. அடல்டரேட் வந்தது 'அடுல்டெராரே'ங்கிற லத்தீன் சொல்லுல இருந்து. அதுக்குள்ள 'அல்டெர்'னு ஒரு சொல் இருக்குறதா சொல்றாங்க, 'வேற ஒன்னு'ன்னு அர்த்தம். ஆல்டர், ஆல்டர்நேட், ஆல்டர்நேட்டிவ் எல்லாம் அந்த 'வேற'தான். ஒன்ன வேற ஒன்னா மாத்திடுறது, கெடுத்துடுறது, பொய்யாக்கிடுறது. இங்கிலீஷ்ல இது 16-ஆம் நூற்றாண்டுல வந்து சேர்ந்துச்சு.

அடல்ட்ரி, அதான் கல்யாணம் ஆனவங்க வேற தொடர்பு வெச்சுக்குறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. புள்ளைங்க முன்னாடி பெத்தவங்க கேக்கத் தயங்குற கேள்வி இது, ஆனா தயங்க ஒன்னும் இல்ல. அதே லத்தீன் சொல்லுக்குத்தான் ரெண்டு அர்த்தமும் இருந்துச்சு, கல்யாண உறவக் கெடுக்குறதும் பொருளக் கெடுக்குறதும். அடல்ட்ரி இங்கிலீஷுக்கு பிரெஞ்சு வழியா வந்தப்ப அதுல முதல்ல வர்ற 'டி' (D) சத்தமே இல்ல, 'அவூட்ரி' மாதிரி ஒரு உருவத்துலதான் இருந்துச்சு, அப்புறம் படிச்சவங்க லத்தீனப் பாத்து 'டி'யத் திரும்ப உள்ள சேத்தாங்க. எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. அடல்டரர்னா துணைக்குத் துரோகம் பண்ணுனவர், அடல்டரேட்டர்னா பொருள்ல கலப்படம் பண்ணுனவர். மாத்தி எழுதுனா ஒரு பால்காரரோட குடும்பத்துல தேவையில்லாம பிரச்சன வந்துடும்.

டிபேஸ், கன்டாமினேட், டைலூட், கரப்ட் எல்லாம் இதே அர்த்தம்தானா?

கிட்டக்கிட்ட இருக்கும், ஒன்னு இல்ல.

டைலூட்னா தண்ணி மாதிரி எதையாவது சேத்து நீர்க்க வைக்கிறது, அதுல நல்லது கெட்டது கிடையாது, ரோஸ் சிரப்புல தண்ணி ஊத்துறது டைலூட். கன்டாமினேட்னா அசுத்தம் பட்டுப் போறது, அதுக்கு யாரும் திட்டம் போட வேண்டியதில்ல, ஆத்துல ஃபேக்டரி கழிவு கலந்தா தண்ணி கன்டாமினேட் ஆச்சு, அதுக்கு அடல்டரேட் போட்டா மார்க் போயிடும். கரப்ட்டோட வேர் 'உடைக்கிறது'ங்கிற லத்தீன் சொல், மனுஷங்களுக்கும் கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் அதான் வரும். டிபேஸ்னா தரத்தக் கீழ எறக்குறது, அதுல இருக்குற 'பேஸ்'க்கு தாழ்வுன்னு அர்த்தம், காசுக்கும் மதிப்புக்கும் மரியாதைக்கும் இது வரும்.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச சொல் கார்பிள். இப்ப கார்பிள்னா செய்தியக் கொழப்பி, சிதைச்சு சொல்றது. ஆனா ஆரம்பத்துல நேர் எதிர்: சலிச்சு சுத்தம் பண்றது! அரபியில 'கர்பல'ன்னா சல்லடையில சலிக்கிறது. பழைய லண்டன்ல மொளகு, இஞ்சி, மத்த மசாலா சாமானெல்லாம் பிரிச்சுப் பாத்து குப்பை, தூசி எடுக்குறதுக்குன்னே கார்பிளர்னு அதிகாரிங்க இருந்தாங்க. சலிக்கிறேன்னு சொல்லிட்டு தனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கி எடுக்குறதுங்கிற அர்த்தம் மெல்ல ஒட்டிக்கிட்டு, கடைசியில சிதைக்கிறதுங்கிற அர்த்தமே நெலைச்சிடுச்சு. ஆனா கேரளத்து மொளகு வியாபாரத்துல பழைய அர்த்தம் இன்னும் உயிரோட இருக்கு, 'மலபார் கார்பிள்ட்'னா சலிச்சு சுத்தம் பண்ணுன மொளகு.

சோஃபிஸ்டிகேட்டும் ஒரு காலத்துல கலப்படம் பண்றதத்தான் சொன்னுச்சு, குறிப்பா ஒயின்ல. இன்னிக்கு சோஃபிஸ்டிகேட்டட்னா பாராட்டு.

காசுல கலப்படம் பண்ணுனாங்களாமே, அது எப்படி?

வெள்ளிக் காசுல செம்பக் கலந்து. ரொம்பப் பேரு போன உதாரணம் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி. 1544-ல இருந்து 1551 வரைக்கும் நடந்தத 'கிரேட் டிபேஸ்மென்ட்'னே சொல்றாங்க, கடைசி சில வருஷம் அவரு மகன் காலம். அதுக்கு முன்னாடி ஸ்டெர்லிங் வெள்ளின்னா 92.5 சதவீதம் வெள்ளி, அது எறங்கி எறங்கி 25 சதவீதம் வரைக்கும் வந்துச்சு. சண்டைக்கும் அரண்மனைக்கும் பணம் வேணும், வரியக் கூட்டுனா ஜனங்க சத்தம் போடுவாங்க, அதனால இருக்குற வெள்ளியிலயே நெறைய காசு அடிச்சாங்க. மேல மட்டும் மெல்லிசா வெள்ளி, உள்ள செம்பு. காசுல ராஜா மொகம் நேரா பாத்த மாதிரி இருக்கும், அதுல மூக்குதான் துருத்திக்கிட்டு இருக்கும், கை பட்டுப் பட்டு முதல்ல அங்கதான் தேஞ்சு செம்பு தெரிய ஆரம்பிச்சிடும். ஜனங்க அவருக்கு 'ஓல்ட் காப்பர்நோஸ்', செம்பு மூக்குக் கெழவன்னு பேரு வெச்சுட்டாங்க. வெல ஏறுச்சு, கூலி வாங்குறவங்கதான் அடி வாங்குனாங்க, வெளிநாட்டு வியாபாரிங்க அந்தக் காச வாங்கவே யோசிச்சாங்க. எலிசபெத் ராணி வந்து 1560, 61-ல கெட்ட காசையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கித்தான் நெலம சரியாச்சு.

கலப்படம்னா பொட்டிக் கடைக்காரர் வேலைன்னு மட்டும் நெனைக்காதீங்கன்னு சொல்றதுக்குத்தான் இத இவ்ளோ எழுதுறேன்.

அப்ப 916 தங்கத்துலயும் செம்பு இருக்கே, அது அடல்டரேட்டா?

கெடையாது. 916-னா 1000 பங்குல 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளின்னு வேற உலோகம், அதான் 22 கேரட். சுத்தத் தங்கம் ரொம்ப மெது, தெனம் போடுற வளையல் நெளிஞ்சிடும். உறுதிக்காக உலோகம் சேக்குறதுக்கு அலாய்னு பேரு, எவ்ளோ இருக்குன்னு நகையிலயே முத்திரை போட்டிருக்கு, நீங்க தெரிஞ்சே வாங்குறீங்க. அதே வளையலுக்குள்ள அரக்க அடைச்சு அந்த எடையையும் தங்க வெலையில போட்டாங்கன்னா அது மோசடி.

சாப்பாட்டுக் கலப்படத்துக்கு எதிரா சட்டம் எப்ப வந்துச்சு?

கலப்படம் ரொம்பப் பழசு, அத சயின்ஸ் வெச்சுக் கண்டுபுடிச்சு வெளிய சொன்னது 19-ஆம் நூற்றாண்டுல. ஃபிரெடரிக் ஆக்கம்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், லண்டன்ல இருந்தவரு, 1820-ல உணவுக் கலப்படம் பத்தி ஒரு புத்தகமே போட்டாரு. டீத்தூள்ல வேற செடியோட இலைய காய வெச்சு சாயம் ஏத்திக் கலந்தது, ஊறுகாய் பச்சையா தெரிய செம்பு சேத்தது, புள்ளைங்க மிட்டாய்க்கு ஈயச் செவப்பு போட்டது, எல்லாத்தையும் எழுதி, புடிபட்ட வியாபாரிங்க பேரையும் அச்சுல போட்டுட்டாரு. 1850-கள்ல ஆர்தர் ஹில் ஹாசல்னு ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப் வெச்சுப் பாத்து, காப்பித்தூளுன்னு விக்கிறதுல சிக்கரி கலந்திருக்குன்னு காட்டுனாரு.

1858-ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுங்கிற ஊர்ல நடந்தது கொடுமை. அப்ப சீனி வெல அதிகம், அதனால மிட்டாய் செய்யிறவங்க சீனியோட 'டாஃப்'னு ஒரு மலிவான வெள்ளத் தூளச் சேப்பாங்க, அது சுண்ணாம்பு, ஜிப்சம் மாதிரி. அத வாங்கப் போன எடத்துல தவறுதலா ஆர்செனிக்க அள்ளிக் குடுத்துட்டாங்க, அதுவும் வெள்ளத் தூள்தான், பாத்தா வித்தியாசமே தெரியாது. சந்தையில அந்த மிட்டாய வாங்கித் தின்னு 20 பேரு கிட்ட செத்தாங்க, 200 பேருக்கு மேல நோவுல விழுந்தாங்க. ஆர்செனிக் கலந்தது தவறுதலாத்தான், ஆனா டாஃப் கலந்தது தெரிஞ்சேதானே, அந்தப் பழக்கம் இல்லன்னா அந்தத் தவறுக்கே எடம் இருந்திருக்காது. எனக்கு இதப் படிக்கும்போதெல்லாம் கோவம்தான் வருது.

எல்லா உணவுக்கும் பொதுவான முதல் கலப்படச் சட்டம் அங்க 1860-ல வந்துச்சு, அது வலு இல்லாம போச்சு. 1875-ல வந்த சட்டம்தான் பல்லோட வந்துச்சு: வாங்குறவர் கேட்ட பொருள் எதுவோ அந்தத் தன்மையில, அந்தப் பொருளா, அந்தத் தரத்துல குடுக்கணும். நம்ம நாட்டு 1983 உணவுச் சட்டத்துலயும், அதான் அக்தா மக்கானான்ல, இதே மூணும் வருது.

ரப்பர் பால்வெட்டுல தண்ணி கலக்குறதுக்கும் அடல்டரேட்னு சொல்லலாமா?

தாராளமா. எங்கம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க, அதனால இதக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

விடியிறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு) போயிட்டு, நிரையில, அதான் மர வரிசையில, மரத்துக்கு மரம் வெட்டி முடிச்சு, வெயில் ஏறுனதும் மங்குல (மரத்துல கட்டியிருக்குற கிண்ணத்துல) இருக்குற பால வாளியில சேத்து, தோள்ல வைக்கிற காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் மாட்டி ஸ்டோருக்குத் தூக்கிட்டு வருவாங்க. அங்க கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கர், எடையப் போட்டு எழுதிக்குவாரு. ஆனா எடையப் பாத்து மட்டும் காசு கெடையாது, மரத்துல இருந்து எறங்குற பால்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணிதான். அதனால கொஞ்சம் பால எடுத்து அதுல மெட்ரோலாக்னு ஒரு கருவிய மெதக்க விடுவாங்க. ரப்பர் தண்ணியவிட லேசு, அதனால கெட்டிப் பால்ல கருவி ஆழமா எறங்கும், தண்ணி கலந்த பால்ல மேல தூக்கிக்கும். இன்னும் சரியா தெரியணும்னா கொஞ்சம் பால எடை போட்டு, அமிலம் விட்டு ஒறைய வெச்சு, மெல்லிசா அழுத்தி, காய வெச்சுத் திரும்ப எடை போடணும். காஞ்சது எவ்ளோவோ அதான் உண்மையான ரப்பர், அது பால்ல எத்தன சதவீதமோ அத இங்கிலீஷ்ல டிஆர்சின்னு சொல்லுவாங்க.

யாராவது ஸ்டோருக்கு வர்ற வழியில கால்வாத் தண்ணிய ஊத்திட்டு வந்தா அது அடல்டரேட். ஒறைஞ்ச கட்டிப்பால்ல மண்ணு, மரப்பட்ட வெச்சு எடை ஏத்துனாலும் அதேதான்.

கேக்குறவங்க இன்னொன்னும் கேப்பாங்க: தராசுல கைய வெச்சு எடையக் கொறைச்சு எழுதுனா அதுக்கு என்ன? அப்படி நடந்த கதைங்கள எல்லாத் தோட்டத்து ஆளுங்களும் சொல்லுவாங்க. அதுக்கு அடல்டரேட் வராது, ஏன்னா பொருள் கெடல, கணக்குதான் கெட்டுச்சு. அது சீட்டிங். ரெண்டுமே பாவம்தான், ஆனா வெட்டுனவங்க வயித்துல அடிக்கிறது இன்னும் பெருசு.

மழைத்தண்ணி மங்குல விழுந்துட்டா?

அது டைலூட் ஆயிடுச்சு, அவ்ளோதான். தண்ணி சேந்தது உண்மை, டிஆர்சி கொறைஞ்சது உண்மை, ஆனா யாரும் ஏமாத்தல. மெட்ரோலாக்குக்கு மழைத்தண்ணியும் கால்வாத் தண்ணியும் ஒன்னுதான், கருவிக்கு மனசு தெரியாது. அந்த வித்தியாசத்த மனுஷங்கதான் பாக்கணும், பாக்காம ஒருத்தர கள்ளம் பண்ணிட்டான்னு நாலு பேரு முன்னாடி சொன்னா அது சும்மா போற சொல் இல்ல.

சோதனை பண்ணியும் கலப்படம் எப்படி தப்பிக்குது?

சோதனை எதை அளக்குதோ அதையே ஏமாத்துவாங்க. 2008-ல சீனாவுல நடந்த பால்மாவு விஷயம் ஞாபகம் இருக்குறவங்க இருப்பீங்க. பால்ல தண்ணி ஊத்துனா புரோட்டீன் கொறையும், சோதனையில மாட்டிக்கும். ஆனா அந்தச் சோதனை புரோட்டீன நேரா அளக்கல, நைட்ரஜன அளந்து அதுல இருந்து கணக்குப் போட்டுச்சு. மெலமைன்ல நைட்ரஜன் நெறைய இருக்கு, அது பிளாஸ்டிக் தட்டு செய்யிற சாமான். அத பால்ல போட்டா கணக்குல புரோட்டீன் சரியா வந்துடும். கொழந்தைங்க கிட்னியில கல்லு வந்து, 6 கொழந்தைங்க செத்தாங்க, ஏறக்குறைய 3 லட்சம் கொழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க.

கோப்பித் தூள் பாக்கெட்ல 'கோப்பி சம்புரான்'னு போட்டிருக்கே, அதுவும் கலப்படமா?

நல்ல கேள்வி. சம்புரான்னா கலவை. வறுக்கும்போது சீனி, மார்ஜரின் எல்லாம் சேத்து கருகருன்னு எடுக்குறது நம்ம ஊரு கோப்பி ஓவோட (பால் ஊத்தாத கோப்பியோட) பழக்கம், அந்த ருசிக்காகத்தான் நாம வாங்குறோம். பாக்கெட் மேல கலவைன்னு எழுதி, உள்ள என்ன இருக்குன்னும் போட்டு வித்தா அது மிக்ஸ்சர், சட்டம் அத அனுமதிக்குது. தமிழ்நாட்டு ஃபில்டர் காப்பியில சிக்கரி எத்தன சதவீதம்னு போட்டு விக்கிறதும் இப்படித்தான். அதே தூள 'சுத்தமான காப்பி'ன்னு போட்டு வித்தா அன்னிக்கே அது அடல்டரேட்டட். தூள் மாறல, சொன்ன சொல்தான் மாறுச்சு.

நாம பேசுற தமிழ்ல மலாய், இங்கிலீஷ் எல்லாம் கலந்திருக்கே. நம்ம தமிழ் அடல்டரேட் ஆயிடுச்சா?

இந்தக் கேள்விதான் என்ன ரொம்ப நாளா உறுத்துது. வெளியூர்ல இருந்து வர்ற சில பேரு, நம்மாளுங்களே சில பேரு, தோட்டத்துத் தமிழ கலப்படத் தமிழுன்னு சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல எழுதுறவங்க இன்னும் ஒரு படி மேல போயி 'பாஸ்டர்டைஸ்ட்'னு போடுவாங்க, அதாவது அப்பன் பேரு தெரியாததுன்னு. புள்ளைங்க இதக் கேட்டுட்டு வந்து வாயே தொறக்க மாட்டேங்குதுங்க, தமிழ் பேசுனா தப்பா போயிடுமோன்னு பயந்து இங்கிலீஷ்லயே பேசிட்டுப் போயிடுதுங்க.

மேல சொன்ன சாவிய இங்க போட்டுப் பாருங்க. கலப்படம்னா ஒருத்தர் மறைக்கணும், ஒருத்தர் ஏமாறணும். 'பாசார்ல சாயோர் வாங்கிட்டு வா'ன்னு (சந்தையில கீரை காய்கறி வாங்கிட்டு வான்னு) ஒரு பாட்டி பேரன்கிட்ட சொன்னா இதுல யாரு யார ஏமாத்துனா? பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும், கீரக் கட்டும் வீடு வந்து சேந்துடும். ரப்பர் காட்டுல மலாய்க்காரங்க, சீனவங்க, ஜாவாக்காரங்களோட சேந்து வேலை செஞ்ச ஜனங்க அவங்க பேச்ச எடுத்துக்கிட்டாங்க. அவங்களும் நம்மகிட்ட எடுத்துக்கிட்டாங்க. மலாய்ல கெடாய்னு சொல்றது நம்ம கடை. காப்பால் நம்ம கப்பல். காத்தில் நம்ம கட்டில், பெத்தி நம்ம பெட்டி, மொடால் நம்ம முதல், வியாபாரத்துக்குப் போடுற முதல். இங்கிலீஷ்காரங்க மிளகுத்தண்ணிய முல்லிகடானின்னு ஆக்கிக் குடிச்சாங்க, கட்டுமரத்த கேட்டமரான் ஆக்குனாங்க. இதனால மலாய் கெட்டுச்சு, இங்கிலீஷ் கெட்டுச்சுன்னு யாரும் சொல்றதில்லயே.

பரீச்சையில கட்டுரை எழுதும்போது எழுத்துத் தமிழ் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, அது வேற எடம், வேற உடுப்பு. ஆனா வீட்டுல பேசுற பேச்சுக்கு அடல்டரேட்டட்னு பேரு வைக்காதீங்க. அந்த வார்த்தையோட அர்த்தப்படியே அது தப்பு.

கலப்படம்னு சந்தேகம் வந்தா யார்கிட்ட சொல்றது?

சாப்பாட்டுச் சாமான்னா சுகாதார அமைச்சு, நம்ம பக்கத்துல மாவட்ட சுகாதார அலுவலகம், அதான் பெஜாபாத் கெசிஹாத்தான். எடை, வெல, பொய் லேபிள்னா உள்நாட்டு வாணிப அமைச்சு, கேபிடிஎன். பொருள மொத்தமா காலி பண்ணிடாதீங்க, மீதிய அதே பாக்கெட்லயே வைங்க, பேட்ச் நம்பர், காலாவதி தேதி இருக்குற பக்கத்தக் கிழிக்காதீங்க, ரசீது இருந்தா அதையும் சேத்து வைங்க, கெட்டுப் போற சாமான்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க. கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இத செஞ்சிடுங்க, ஏன்னா பல நேரம் கடைக்காரருக்கே தெரியாது, அவருக்கு சப்ளை பண்ணுனவங்ககிட்டதான் கோளாறு இருக்கும். புகார எழுதும்போது 'கலப்படம் பண்ணிட்டாங்க'ன்னு தீர்ப்பு எழுதாம, நெறம் எப்படி இருந்துச்சு, வாசனை எப்படி, எங்க எப்ப வாங்குனீங்க, சாப்பிட்டப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்தத மட்டும் எழுதுங்க. கலந்திருக்கா இல்லையான்னு லேப் சொல்லட்டும்.